போதை மருந்துக்குப் பூட்டு உண்டா?

சுண்டெலிகளிடம் விஞ்ஞானிகள் கண்ட உண்மை

சாராயம் குடிப்பவருக்கு நாளாக ஆக அளவைக் கூட்டினால்தான் போதை ஏறும். கோகெயின், ஆம்பெட்டமின் போன்ற ஊக்க மருந்துகளிடம் இதற்கு நேர்மாறான குணமும் உண்டு. சுண்டெலிக்கு அதே அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுத்து வந்தால், அது முதல் நாளைவிட அதிகமாக ஓடுகிறது, துள்ளுகிறது. மூளை அந்த மருந்தை "பாடம்" செய்துகொள்கிறது!

பாடம் எழுதுவது யார்?

ஊக்க மருந்துகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைப் பெருக்குகின்றன. ஆனால் பழக்கம் வேரூன்ற இன்னொரு ரசாயனமும் தேவை. அதுதான் குளூட்டமேட். அஜினோமோட்டோவில் இருப்பதும் இதுவே. எனினும் நாம் சாப்பிடும் குளூட்டமேட் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

நரம்பு அணுக்களில் குளூட்டமேட் வந்து ஒட்டும் இடங்களுக்கு "ஏற்பிகள்" என்று பெயர். அவற்றில் ஒருவகை என்.எம்.டி.ஏ. ஏற்பி. 1989-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இந்த ஏற்பியை அடைக்கும் எம்.கே.801 என்ற மருந்தைச் சுண்டெலிகளுக்கு ஊக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தனர். ஓட்டமும் துள்ளலும் நாளுக்கு நாள் கூடுவது நின்றது.

அதே ஆண்டு வேறொரு குழு இன்னொரு உண்மையைக் கண்டது. மெத்தாம்பெட்டமின், டோபமின் நரம்பு நுனிகளை அழிக்கக் கூடியது. எம்.கே.801 கொடுத்த சுண்டெலிகளுக்கு அந்தச் சேதத்திலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது.

சிக்கல் எங்கே?

அப்படியானால் இதையே மனிதருக்குக் கொடுக்கலாமே? அங்குதான் தடை. பள்ளிப் பாடத்தையும், பெற்ற பிள்ளையின் முகத்தையும் மனதில் பதிக்க உதவுவதும் இதே ஏற்பிதான். அதை அடைத்தால் ஞாபகமும் கெடும். எம்.கே.801 எலிகளின் மூளை அணுக்களைப் பாதிப்பதும் அதே 1989-ல் தெரியவந்தது. மேலும், பழக்கம் பதிந்த பிறகு அடைத்தால் பெரும்பாலான சோதனைகளில் பலன் இல்லை. பூட்டு, திருடன் நுழையும் முன்புதான் உதவும்!

கோகெயின், மெத்தாம்பெட்டமின் அடிமைத்தனத்தைப் போக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுவரை எந்த மருந்துக்கும் அனுமதி அளிக்கவில்லை. மனநல ஆலோசனையும் தொடர் கண்காணிப்புமே இன்றைய சிகிச்சை. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் போதை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உள்ளது. 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். வீட்டில் ஒருவர் தடுமாறுவது தெரிந்தால், புது மருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.