சுருக்குப் பைக்குள் ஒரு கணக்கு

தீபாவளிக்கு வாசல் தோரணம் பின்னியது போக, தம்பிப் பாப்பாவுக்குத் தொப்பி பின்னியது போக, வீட்டில் எங்காவது கொஞ்சம் நூல் மிஞ்சிக் கிடக்கும். சிவப்பில் ஒரு குட்டி உருண்டை, மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று. தூக்கிப் போட மனம் வராது. பெரிதாக எதுவும் செய்யவும் போதாது.

அந்த மூன்று உருண்டையும் ஒரு கொக்கி ஊசியும் இருந்தால் போதும், வண்ணக் கோடு போட்ட சுருக்குப் பை ஒன்றைப் பின்னிவிடலாம். பாட்டிமார் வெற்றிலை பாக்கும் காசும் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார்களே, அதே பைதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதிக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ போகும்போது சில்லறைக் காசையும் டச் அண்ட் கோ பயண அட்டையையும் அதில் போட்டுக்கொள்ளலாம்.

கொக்கி ஊசியால் பின்னும் இந்தக் குரோஷே பின்னலில் கைக்கு வேலை கொஞ்சம்தான். எண்ணுவதுதான் பெரிய வேலை. ஒரு சுற்றுக்கு எத்தனை கண்ணி சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பின்னல் தட்டையாகும், கூம்பாகும், குழாயாகும், அலை அலையாகச் சுருளும். நூல் ஒன்றுதான், ஊசி ஒன்றுதான், எண் மாறினால் வடிவம் மாறிவிடும். வாருங்கள், பின்னிக்கொண்டே பார்ப்போம்.

நூல் ஏன் அறுவதில்லை?

முதலில் நூலைக் கொஞ்சம் கவனிப்போம். பருத்தி நூலில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனையையும் பிடித்து இழுத்தால் எளிதில் அறாது. இப்போது முறுக்கு இருக்கும் திசைக்கு எதிராகத் திருகி, முறுக்கை முழுவதும் பிரித்துவிட்டு மெல்ல இழுங்கள். சத்தமே இல்லாமல் பஞ்சாகப் பிரிந்து வரும்.

பருத்திப் பஞ்சின் ஓர் இழை பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அவ்வளவு குட்டி இழைகளை ஒட்டி வைக்க அங்கே பசை எதுவும் கிடையாது. முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் நூலைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுக்க இழுக்க நெருக்கம் கூடும், பிடியும் இறுகும்.

கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டு வாங்குவதில் பலவும் ஆட்டு உரோமத்தால் ஆனவை அல்ல. அது அக்ரிலிக் என்ற செயற்கை இழை, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் வேதிப்பொருளால் செய்யப்படுவது. பருத்தி ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அக்ரிலிக் மிகக் குறைவாகவே இழுக்கும். துவைத்தால் பருத்தி கொஞ்சம் சுருங்கவும் செய்யும். இரண்டையும் கலந்து பின்னினால், முதல் சலவையிலேயே ஒரு கோடு சுருங்கி, பக்கத்துக் கோடு புடைத்து நிற்கும். அதனால் ஒரு பைக்கு ஒரே வகை நூலாக, ஒரே பருமனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வளையம்

குரோஷேயில் ஊசி ஒன்றுதான், முனையில் சின்னக் கொக்கி இருக்கும். வளையத்துக்குள் கொக்கியை விட்டு, நூலைப் பற்றி வெளியே இழுத்தால் இன்னொரு வளையம் பிறக்கும். அதற்குள்ளிருந்து மற்றொன்று. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து வருவது சங்கிலி.

இதே சங்கிலி உங்கள் வீட்டு அரிசிப் பையின் வாயிலும் இருக்கிறது. தையலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் கழன்று வந்துவிடும். ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம்தான் பிடித்து நிற்கிறது. கடைசி வளையத்தை விட்டுவிட்டால் அதற்கு முந்தியது கழலும், பிறகு அதற்கும் முந்தியது.

குரோஷேயும் அப்படியே. நூறு கண்ணி பின்னியிருந்தாலும் நடுவில் ஒரு முடிச்சுகூட இருக்காது. ஊசியில் தொங்கும் ஒற்றை வளையம்தான் மொத்தப் பின்னலையும் காக்கிறது. பின்னி முடித்ததும் நூலை வெட்டி, அந்த வளையத்துக்குள் முழுவதும் இழுத்து இறுக்கினால்தான் பூட்டு விழும். அதுவரை எந்தத் தவறு நேர்ந்தாலும் இழுத்துப் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்கலாம். மிச்ச நூலில் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆறு ஆறாகக் கூட்டுங்கள்

பையின் அடிப்பாகம் வட்டமான தட்டு. இரண்டு சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள்ளேயே 6 கண்ணி பின்னுங்கள். ஒரு கண்ணிக்குச் செய்முறை இதுதான்: கொக்கியை உள்ளே விட்டு நூலை இழுங்கள், ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைப் பற்றி அந்த இரண்டுக்குள்ளும் ஒன்றாக இழுங்கள். ஒரு வளையம் மிஞ்சும். இதற்கு ஒற்றைக் குரோஷே என்று பெயர்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டிரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. அடுத்து மூன்று கண்ணிக்கு ஒரு முறை கூட்டினால் 24, நான்குக்கு ஒரு முறை கூட்டினால் 30, ஐந்துக்கு ஒரு முறை கூட்டினால் 36. ஆறு சுற்றில் தட்டு முடிந்தது. மேசையில் வைத்தால் படிந்து கிடக்கும்.

ஏன் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டுகிறோம்? நான்கு ஆகாதா, ஒன்பது ஆகாதா?

வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப் போல ஏறக்குறைய 6.28 மடங்கு. அப்படியானால் ஆரம் 1 கூடும்போதெல்லாம் சுற்றளவு 6.28 கூடும். சின்ன வட்டமானாலும் பெரிய வட்டமானாலும் இது மாறாது. ஒற்றைக் குரோஷே கண்ணி கிட்டத்தட்டச் சதுரம். அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. அப்போது சுற்றளவில் 6.28 கண்ணிக்கு இடம் பிறக்கிறது. கால் கண்ணி போட முடியாதே! அதனால் 6 போடுகிறோம். குறைகிற சிறு இடத்தை நூலின் நெகிழ்வு நிரப்பிவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் படிக்கும் பை என்ற எண், இந்தப் பையின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சுவர் எழும்புகிறது

ஏழாம் சுற்றிலிருந்து கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 36 மட்டுமே. ஆரம் பெரிதாக வழியில்லாததால் பின்னல் மேல்நோக்கித் திரும்பும். தட்டின் விளிம்பிலிருந்து சுவர் எழும்பிக் குழாயாகும். சுற்றுக்கு 6-க்குப் பதில் 3 மட்டும் கூட்டியிருந்தால் அடியிலிருந்தே கூம்பாகியிருக்கும்.

ஒரு கண்ணி 5 மில்லிமீட்டர் அகலம் என்றால் 36 கண்ணியின் சுற்றளவு 180 மில்லிமீட்டர், விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். டச் அண்ட் கோ அட்டையின் அகலம் 54 மில்லிமீட்டர், நீளம் 85.6 மில்லிமீட்டர். நிறுத்தி வைத்தால் அட்டை உள்ளே இறங்கிவிடும். சுவருக்கு 18 சுற்று பின்னினால் உயரம் 90 மில்லிமீட்டர். அட்டை வெளியே தலை நீட்டாது. சிலர் இறுக்கிப் பின்னுவார்கள், சிலர் தளர்வாக. ஆகவே 10 கண்ணி பின்னி அளந்து, அதைப் பத்தால் வகுத்து உங்கள் கண்ணியின் அகலத்தைக் கண்டுபிடியுங்கள்.

இந்த 18 சுற்றில்தான் வண்ணக் கோடுகள். மூன்று சுற்றுக்கு ஒரு நிறம் என்றால் ஆறு கோடுகள் வரும். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியில், இரண்டு வளையத்துக்குள்ளும் ஒன்றாக இழுக்கும் அந்த இறுதி இழுப்பைப் புதிய நிறத்தால் செய்யுங்கள். அடுத்த கண்ணி முதல் நிறம் சுத்தமாக மாறியிருக்கும்.

கூர்ந்து பார்த்தால், நிறம் மாறும் இடத்தில் ஒரு சின்னப் படி தெரியும். அது உங்கள் கைக்குற்றம் அல்ல. பின்னல் தனித்தனி வளையமாக அடுக்கப்படவில்லை. பேரங்காடியின் கார் நிறுத்தத்தில் வண்டி சுற்றிச் சுற்றி மேல்மாடிக்கு ஏறுவதுபோல் ஒரே பாதையாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு முழுச் சுற்று முடியும்போது தொடங்கிய இடத்துக்கு ஒரு கண்ணி உயரம் மேலே நிற்கிறீர்கள். அந்த உயரம்தான் படியாகத் தெரிகிறது.

மிச்ச நூல் போதுமா?

பாதியில் நூல் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 10 கண்ணி பின்னி, தொடங்கிய இடத்தையும் முடித்த இடத்தையும் நூலில் பேனாவால் குறியிட்டுப் பிரித்து அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் வந்தால், ஒரு கண்ணிக்கு 3 சென்டிமீட்டர். ஒரு கோட்டுக்கு 3 × 36 = 108 கண்ணி. ஆக ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் நூல்.

உருண்டையைப் பிரிக்காமலே நீளம் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். நூல் வாங்கும்போது சுற்றியிருக்கும் தாளில் எடையும் நீளமும் அச்சிட்டிருக்கும். 50 கிராமுக்கு 125 மீட்டர் என்று இருந்தால் ஒரு கிராமுக்கு இரண்டரை மீட்டர். அப்படியானால் ஒரு கோட்டுக்கு ஒன்றரை கிராம்கூட வேண்டாம்! அடித்தட்டில் 6 + 12 + 18 + 24 + 30 + 36 = 126 கண்ணி, சுவரில் 648, மொத்தம் 774. முழுப் பைக்கும் ஏறத்தாழ 23 மீட்டர், அதாவது பத்துக் கிராமுக்குள். குப்பைக்குப் போகவிருந்த உருண்டைகளில் ஒரு பையே ஒளிந்திருக்கிறது.

எண்ணிக்கை மிகுந்தால்

இப்போது வேண்டுமென்றே அதிகமாகக் கூட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்குங்கள்: 6, 12, 24, 48, 96, 192. ஆறாம் சுற்றின் விளிம்பு 192 × 5 = 960 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஆனால் ஆறு சுற்று ஆரமுள்ள தட்டையான வட்டத்தின் விளிம்பில் 19 சென்டிமீட்டருக்குத்தான் இடம். மிச்சம் எங்கே போகும்? மேலும் கீழுமாக மடிந்து, கொசுவம் வைத்த பாவாடைபோல் அலையடிக்கும்.

இந்த அலை வடிவத்துக்குக் கணிதத்தில் பெரிய இடம் உண்டு. ரஷ்யாவின் லோபச்செவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும் 1829-க்கும் 1832-க்கும் இடையில் ஒரு புதிய வடிவியலை வெளியிட்டார்கள். அதில் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகத்தான் வரும். அப்படிப்பட்ட பரப்பைக் கையில் எடுத்துக் காட்டுவது பெரும் பாடாக இருந்தது. காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துவிடும். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா தைமினா, சிறுவயதில் கற்ற குரோஷேயை நினைத்துக்கொண்டார். 1997-இல் நூலும் கொக்கி ஊசியும் கொண்டு அந்தப் பரப்பைப் பின்னிவிட்டார். மாணவர்கள் அதை மடித்தார்கள், நேர்கோடுகளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பவளப் பாறை, சாலட் இலையின் விளிம்பு, கோழிக்கொண்டைப் பூ ஆகியவற்றிலும் இதே அலை உண்டு. விளிம்பு நடுப்பகுதியைவிட வேகமாக வளர்ந்தால் மடிவதைத் தவிர வேறு வழியில்லை. சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பு கிடைப்பதால் கடல் நீரில் மிதந்து வரும் உணவைப் பிடிக்கப் பவளத்துக்கு அது உதவுகிறது. 2005-இல் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு முழுப் பவளப் பாறையையே குரோஷேயில் பின்னத் தொடங்கினார்கள். பல நாட்டு மக்கள் அவர்களோடு சேர்ந்து பின்னினார்கள்.

எண்ணுவதற்குக் கண் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் புடைத்த கோடுகளும் புள்ளிகளும் கொண்ட மஞ்சள் கற்களைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் காலாலும் கைத்தடியாலும் அந்தக் கற்களைத் தொட்டறிந்து நடக்கிறார்கள். அவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். பழகிய விரல்நுனி அதைத் தனித்தனியாக உணரும்.

நம் கண்ணி அதைவிட இரண்டு மடங்கு பெரிது. கண்ணை மூடிக்கொண்டு சுவரின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் மேலே சின்ன மேடாகத் தட்டுப்படும். 36 வருகிறதா என்று எண்ணுங்கள். சில நாள் பழகினால், பேசிக்கொண்டே பின்னினாலும் விரலே கணக்கு வைத்துக்கொள்ளும்.

வாயைச் சுருக்க

தனியாகச் சங்கிலி மட்டும் 40 சென்டிமீட்டருக்குப் பின்னினால் அது கயிறு. கடைசிச் சுற்றுக்குக் கீழே இரண்டு கண்ணிக்கு ஒரு முறை உள்ளே, வெளியே என்று கோத்து முனைகளை முடிந்துவிடுங்கள். பையின் வாய் 18 சென்டிமீட்டர். கயிற்றை 10 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் வாய்க்கு மிஞ்சுவது 8 சென்டிமீட்டர்தான். மிச்சத் துணி கொசுவமாகிக் கயிற்றை நெருக்கும். நூலுக்குள் இழைகளைப் பிடித்து வைத்த அதே உராய்வு இங்கே வாயை மூடி வைக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு

பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலுக்கு ஓர் உறை பின்ன வேண்டும். போத்தலின் சுற்றளவை நூலால் அளந்தால் 24 சென்டிமீட்டர் வருகிறது. உங்கள் கண்ணியின் அகலம் 5 மில்லிமீட்டர். அடித்தட்டை எத்தனை சுற்று பின்னிவிட்டுக் கூட்டுவதை நிறுத்துவீர்கள்? 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48 கண்ணி. ஆறு ஆறாகக் கூட்டினால் எட்டாம் சுற்றில் 48 வந்துவிடும். இனி உங்கள் போத்தலை அளந்து, உங்கள் கண்ணியை அளந்து, உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டாம், போத்தலைப் போட்டுப் பாருங்கள்.