வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்கு வாங்கலாமா?

கடந்த மாரியில் ஒரு நாள், மூன்றாம் பாடவேளை முடியும் நேரத்தில் வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. நான் அந்த வங்கியில் கடன் எடுத்தவனல்ல. ஏழெட்டு வருடங்களுக்கு முன், உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியில் தவறிப்போன என் மாணவன் ஒருவனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தவன். "மூன்று தவணை நிலுவையில் இருக்கிறது, சேர்" என்றார் பேசிய பெண். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அடுத்த பாடவேளையில் நான் என்ன படிப்பித்தேன் என்பதைப் பிள்ளைகளிடம்தான் கேட்கவேண்டும்.

அவன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில், வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறான். படித்தது தகவல் தொழில்நுட்பம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் இங்கே அறைகள் நிறையும். வாடை தொடங்கினால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு வற்றிவிடும். வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. இதை அவன் வங்கிக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. "வெட்கமாக இருந்தது சேர்" என்றான். அதற்கு முந்திய நான்கு தவணைகளை எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். உம்மாவின் காப்பை அடகு வைத்துக் கட்டினானாம்.

இந்தக் கதை எமது பகுதியில் ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017 இல் தொடங்கியது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளைகள், அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிக்க வங்கி கடன் கொடுக்கும். வட்டியை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்தும். பிள்ளை முதலை மட்டும் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆரம்பத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை கிடைத்தது. பின்னர் வாழ்க்கைச் செலவுக்கென்று 3 இலட்சம் வரை சேர்ந்தது. படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசத்தின் பின் தவணை தொடங்கும். வட்டிக்கு அஞ்சி எத்தனையோ வாப்பாமார் பிள்ளையின் படிப்பை உயர்தரத்தோடு நிறுத்திய ஊர்களில், இது நல்ல வாசலாகவே திறந்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் காலம் சரியில்லை. முதல் அணியில் சேர்ந்து நான்கு வருடம் படித்தவரின் கணக்கைப் பாருங்கள். இடையில் 2019 ஏப்ரல் தாக்குதல், 2020 இல் கொரோனா. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் இவர்களின் முதல் தவணையும் வாசலுக்கு வந்தது.

தொகையைக் கணக்குக்காகப் பிரித்துப் பார்ப்போம். 8 இலட்சத்தை எட்டு வருடங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 8,333 ரூபா. 11 இலட்சமானால் 11,458 ரூபா. (உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது என்பதை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து வைத்த நாளுக்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.) கட்ட முடியாத மலையென்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் கையில் காசில்லாத நான்கு மாதம் தொடர்ந்து வந்தால் இதுவே மலையாகும். அப்போது நம்மவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, வாய் திறக்காமல் இருப்பது. மற்றது, நகையை அடகு வைப்பது அல்லது கிழமைக் கடன் எடுப்பது. 2023 மார்ச்சில் மத்திய வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வீதமே 16.5 சதவீதமாக இருந்தது. அடகுக் கடைக்குப் போனவர் கொடுத்தது அதைவிடக் கூட. வட்டியே இல்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது மார்க்கத்திலும் இடிக்கிறது, கணக்கிலும் இடிக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? தவணை தவறுவதற்கு முன் வங்கிக்குப் போவதுதான் முதல் வேலை. தவறிவிட்டதென்றால் நாளைக்கே போவது. வெறுங்கையோடு போகக்கூடாது. சம்பளப் பட்டியல், வேலை இல்லையென்றால் அதற்கான கடிதம், வீட்டில் நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி, இவற்றோடு ஒரு பக்கத்தில் எழுதிய வேண்டுகோள் கடிதம் வேண்டும். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் முகாமையாளரால் எதுவும் செய்ய முடியாது. இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை இவ்வளவுதான் கட்ட முடியும், அதன் பிறகு இவ்வளவு கட்டுவேன் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டுவது, குறிப்பிட்ட மாதங்களுக்குத் தொகையைக் குறைப்பது, நிலுவையைப் பிரித்து அடுத்த தவணைகளில் சேர்ப்பது என்பன வங்கிகள் வழமையாகச் செய்பவைதான். எல்லாருக்கும் கிடைக்குமென்று நான் உறுதி தரமாட்டேன். இது அரசாங்கத் திட்டமென்பதால் கிளை தனியாக முடிவெடுக்காமல் மேலிடத்தைக் கேட்கவும் கூடும். ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்காது. கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து, கிடைத்ததற்குத் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சலுகை தந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கடனை எழுதிவைக்கும்படி ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிட்டிருக்க, நாம் இன்னும் வாய்ப்பேச்சை நம்பி வீடு திரும்புகிறோம்.

தாமதக் கட்டணம் பற்றியும் அந்த இடத்திலேயே கேளுங்கள். தவணை தவறினால் என்ன சேரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். "வட்டியில்லாக் கடன்தானே, சும்மா கிடக்கட்டும்" என்று இருப்பவர்கள் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

இனிப் பிணையாளர்கள் விடயம். கடனாளியைத் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் பிணையாளரிடம் வரவேண்டும் என்ற உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் வங்கிகளின் பிணைப் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகத்தான் வழமையாக எழுதியிருக்கும்.  அதோடு, கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், நாம் கிரிப் என்று சொல்வதில், நான் எடுத்த கடன் மட்டுமல்ல, நான் பிணை நின்ற கடனும் இருக்கும். நாளை நான் வீடு கட்டக் கடன் கேட்டால் அந்த நிலுவை அங்கே நிற்கும். கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கிகள் அனுப்பும் விபரத்தைப் பதிந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே "பெயரை வெட்டித் தருகிறேன்" என்று காசு கேட்பவனை நம்ப வேண்டாம். உங்கள் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். பிழை இருந்தால் திருத்தவும் கேட்கலாம்.

வங்கி பதிலே தராவிட்டால், அல்லது நடத்தை சரியில்லையென்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இலக்கத்தில் அழைக்கலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். திகதி முத்திரை இங்கேதான் உதவும். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம்.

கட்டார், டுபாய் என்று போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விமானம் ஏறுமுன் வங்கிக்குப் புதிய முகவரியும் தொலைபேசி இலக்கமும் கொடுத்து, ஒரு கணக்கிலிருந்து மாதாமாதம் தவணை தானாகக் கழிய நிலையான கட்டளை போட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்காகக் கையெழுத்து வைத்த மாமாவோ ஆசிரியரோ உங்கள் முகநூல் படத்தைப் பார்த்துக்கொண்டு உங்கள் தவணையைக் கட்டக்கூடாது.

வேறு நாடுகளில் எப்படி? இங்கிலாந்தில் குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் உழைத்தால்தான் மாணவர் கடனைக் கழிப்பார்கள். வேலை போனால் கழிவும் நிற்கும். ஆனால் அங்கே வட்டி உண்டு. 2013 இல் பிரதமர் கமரூன் முஸ்லிம் மாணவர்களுக்கு மாற்றுக் கடன் வருமென்று சொன்னார். அது பத்து வருடத்துக்கும் மேல் இழுபட்டது. மலேசியாவின் மாணவர் கடன் நிதியம் வட்டி முறையைக் கைவிட்டு 1 சதவீத உஜ்ராவுக்கு மாறியது. நம்மிடம் வட்டியில்லை, ஆனால் வருமானத்தைப் பார்க்கும் ஏற்பாடும் இல்லை. பாராளுமன்றத்தில் எமது உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: பருவ வேலை செய்பவனுக்குப் பருவத் தவணை.

அதுவரை ஊரில் என்ன செய்யலாம்? ஸூரதுத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியானவர்களில் கடனாளிகளையும் சேர்க்கிறது. எமது ஸகாத் குழுக்கள் வீடு, தோணி, தையல் இயந்திரம் என்று கொடுக்கின்றன, அது நல்லதே. ஆனால் படிப்புக்கடனில் தவிக்கும் பிள்ளையின் விண்ணப்பம் வந்தால் "பட்டதாரிக்கு எதற்கு ஸகாத்?" என்று ஒதுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். யார் தகுதியானவர் என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும், விண்ணப்பத்தையாவது வாங்குங்கள். ஸகாத் பொருந்தாதவருக்கு மூன்று நான்கு தவணையளவு கர்ழ் ஹஸன் கொடுத்து, பருவ காலத்தில் திருப்பி வாங்கலாம். ஒரு பள்ளிவாசல் நிருவாகத்தால் முடியாத தொகையல்ல இது.

என் மாணவனோடு நானும் வங்கிக்குப் போனேன். ஐப்பசியிலிருந்து மாசி வரை பாதித் தவணை, சித்திரைக்குப் பிறகு குறைந்ததையும் சேர்த்துக் கட்டுவது என்று எழுதிக் கொடுத்தோம். ஆறு கிழமை கழித்துச் சம்மதக் கடிதம் வந்தது. காப்பு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. இந்தப் பருவத்தில் கிடைக்கும் முதல் சேவைக் கட்டணப் பங்கு அதற்கென்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.