களியா, சோறா? – உணவை விவாதப் பொருளாக்கும் முன்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தலைமுறைகளாக அவர்கள் வீட்டு உணவு. ஆனால் வகுப்பில் சண்டை வந்தால் அதே உணவு வசைச்சொல்லாகிவிடுகிறது. "களி தின்னா கறுத்துப் போயிடுவே" என்று ஒரு குழந்தை சொல்ல, இன்னொரு குழந்தை டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறது. உணவை மறைக்கும் குழந்தை, கேள்வி கேட்கவும் கை தூக்கத் தயங்கும். ஆகவே இதை வகுப்பில் பேசத்தான் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதே கேள்வி.

தலைப்பில் கவனம்

"சிறந்தது களியா, சோறா?" என்று பட்டிமன்றம் வைத்தால், எதிரணியைக் கேலி செய்து கைதட்டு வாங்கவே மாணவர்கள் முயல்வார்கள். பாதி வகுப்பு தன் வீட்டுக்காக வாதாட வேண்டியிருக்கும். நான் வைத்த தலைப்பு: "ஓர் உணவுக்கு மதிப்பைத் தருவது சத்தா, விலையா, பழக்கமா?" இங்கே விசாரிக்கப்படுவது எண்ணம்தான், எந்தக் குழந்தையும் அல்ல.

சான்றுகளோடு பேசுதல்

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். தோலின் நிறம் மெலனினைப் பொறுத்தது. களியால் யாரும் கறுப்பதில்லை. இதை அறிவியல் ஆசிரியர் விளக்கினார்.

பிறகு வரலாறு. மானாவாரி ஊர்களில் நெல்லுச்சோறு ஒரு காலத்தில் பண்டிகை நாள் உணவு. அரிதாகக் கிடைத்ததால் அதற்கு மதிப்பு கூடியது. பின்னர் ரேஷன் அரிசி மலைக்கு வந்தது. சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிடுவது பெருகியது. கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை போன்ற ரகங்கள் குறைந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள உழவர்களோடு சேர்ந்து அவற்றைக் காக்கப் பணியாற்றியது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று நகரத்துக் கடைகளில் சாமை அரிசி, சாதாரண அரிசியை விட விலை அதிகம். இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, "அப்ப எங்க பாட்டி இத்தனை நாளா பணக்காரச் சாப்பாடுதான் சாப்பிட்டாங்களா சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது, பிறகு யோசித்தது. தானியம் மாறவில்லை. பார்ப்பவர் கண் மாறியிருக்கிறது.

இனப்பாகுபாட்டைத் தொடும்போது

இந்தக் கட்டத்தில் தொலைவிலுள்ள ஒரு நிகழ்வைக் கொண்டுவருவது உதவும். 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து போன்ற வாசனை மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமைக்கும்படி அது அறிவுறுத்தியது. 2014இல் அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ தானியா, தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் டெல்லியில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, வடகிழக்கின் வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. "வாசனை யாருக்குத் தொந்தரவு? அதை முடிவு செய்தது யார்?" என்று கேட்டேன். அங்கிருந்து தங்கள் வகுப்பறைக்கு மாணவர்களே வந்து சேர்ந்தார்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

• "உன் வீட்டில் என்ன சமையல்?" என்று எந்தக் குழந்தையையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்போம்.
• முட்டை, இறைச்சி பற்றிய பேச்சு வரும். "நான் சாப்பிடுவதில்லை" என்பது விருப்பம். "அதைச் சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான்" என்பது பாகுபாடு. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிவிடுவோம்.
• வெற்றி, தோல்வி அறிவிக்க வேண்டாம். "என் எண்ணத்தில் எது மாறியது?" என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதட்டும்.
• "சுத்தமான சாப்பாடு", "நாகரிகமான சாப்பாடு" என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்வதையும் குழந்தைகள் கேட்கிறார்கள்.

அரசமைப்பின் 15ஆவது பிரிவு இனம், சாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பாடநூலில் அதை ஒரு பாடவேளையில் நடத்தி முடித்துவிடலாம். மதிய உணவு நேரத்தில் மூடியைத் திறந்து வைத்துச் சாப்பிடும் துணிவு ஒரு குழந்தைக்கு வரும்போதுதான் அந்தப் பாடம் நிறைவடைகிறது.