கெடு முடிவதற்கு முன்

‘கடன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் ஒருவன் ஆற்ற வேண்டிய கடமையும் கடன். ‘கடன்காரன்’ என்ற சொல்லோ இன்னும் வேடிக்கையானது. அது கொடுத்தவனையும் குறிக்கும், வாங்கியவனையும் குறிக்கும். வாசலில் வந்து நிற்பவனும் கடன்காரன். அவனைக் கண்டு கொல்லைப்புறமாகப் போய்விடுகிறவனும் கடன்காரன்!

இந்த இரண்டு கடன்காரர்களுக்கும் நடுவே சட்டம் ஒரு கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறது. அந்தக் கடிகாரம் அடித்து ஓயும் நாள் நெருங்கும்போது, வாங்கியவர் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. “கொடுப்பதா? இன்னும் சில நாள் பேசாமல் இருந்துவிடுவதா?” சட்டத்தைப் பற்றிய கேள்வி போல் இது தோன்றினாலும், உண்மையில் குடும்பத்தின் கௌரவத்தைப் பற்றிய கேள்வி. ஆகையால் இதைப் பற்றி நேயர்களுடன் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

மூன்று வருஷக் கணக்கு

நம் தேசத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 1963-ம் வருஷத்துக் கால வரம்புச் சட்டம். 1964 ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதற்கு முன் 1908-ம் வருஷத்துச் சட்டம் இருந்தது. வக்கீல் குமாஸ்தாக்கள் ‘லிமிடேஷன்’ என்று சொல்வது இதைத்தான். கைமாற்றாகக் கொடுத்த பணமானாலும், புரோநோட்டின் பேரில் கொடுத்த பணமானாலும், வழக்குப் போட மூன்று வருஷம் கெடு. நிலம் வீடுகளை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்குப் பன்னிரண்டு வருஷம்.

‘கேட்டபோது கொடுக்கிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு, கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. நோட்டு எழுதிய தேதியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கெடு தாண்டி வழக்கு வந்தால், பிரதிவாதி வாயைத் திறக்காவிட்டாலும், கோர்ட்டே அதைத் தள்ளிவிட வேண்டும் என்று சட்டத்தின் 3-வது பிரிவு விதிக்கிறது.

இந்தச் சட்டம் ஏமாற்றுக்காரர்களுக்காகச் செய்ததென்று நினைத்துவிடக் கூடாது. வருஷங்கள் செல்லச் செல்லச் சாட்சிகள் இறந்து போகிறார்கள், காகிதங்களைச் செல் அரிக்கிறது, ஞாபகம் மங்குகிறது. தாத்தா காலத்துச் சீட்டு ஒன்றைப் பேரன் தலையில் கொண்டு வந்து சுமத்தினால், அந்தக் கடன் எப்போதோ தீர்ந்தது என்று அவன் எப்படி நிரூபிப்பான்? உலகத்தில் வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும். அந்த அளவில் சட்டம் நியாயமானதே.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடு முடிந்ததும் கடன் அழிந்துவிடுவதாகச் சட்டம் சொல்லவில்லை. கோர்ட்டின் கதவு அடைபடுகிறது, அவ்வளவுதான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவைப் பாருங்கள். கெடு தாண்டிய கடனைக் கொடுப்பதாக ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால், அதற்குப் பிரதியாகப் புதிதாக எதுவும் பெறாவிட்டாலும், அந்த வாக்குச் செல்லும் என்று அது கூறுகிறது. இல்லாத கடனுக்கு இப்படி உயிர் கொடுக்க முடியுமா? கடன் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது.

ஒரு குடும்பத்தின் இருபது நாள்

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவர் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. தாயாரின் சிகிச்சைக்காக, எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற உபாத்தியாயினி அம்மாளிடம் இரண்டு லட்சம் ரூபாய் நோட்டு எழுதி வாங்கினார். ஒரு வருஷம் வட்டியைக் கையில் கொடுத்து வந்தார். அந்த அம்மாள் நம்பிக்கையின் பேரில் நோட்டில் ஒன்றும் வரவு வைக்கவில்லை. பிறகு வட்டியும் நின்றது. இப்போது மூன்று வருஷம் முடிய இருபது நாள் இருக்கிறது. அதே மாதத்தில் மூத்த பெண்ணின் காலேஜ் சம்பளத்தைக் கட்ட வேண்டும். கையில் இருப்பது அதற்கே போதாது. சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், “இன்னும் இருபது நாள் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் இரும், அப்புறம் உம்மை யாரும் அசைக்க முடியாது” என்று காதோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

இரவில் கணவரும் மனைவியும் பேசுகிறார்கள்.

“அந்த அம்மாள் இதுவரையில் வாய் திறந்து கேட்கவில்லை. நாமாகப் போய் ஞாபகப்படுத்த வேண்டுமா?” என்கிறார் கணவர்.

“அவர்கள் கேட்காமல் இருப்பது நம்மேல் உள்ள நம்பிக்கையினால். தேதி முடிந்தால் நோட்டு வெறும் காகிதமாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியுமா?” என்கிறாள் மனைவி.

“தெரிந்தால் மட்டும் என்ன? கொடுப்பதற்குப் பணம் எங்கே இருக்கிறது?”

“பணம் இல்லை என்பது வேறு. கேட்கும் உரிமையே அவர்களுக்கு இல்லாமல் செய்துவிடுவது வேறு அல்லவா?”

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ‘கொடுக்கலாமா, வேண்டாமா?’ என்று கேட்டால், பணம் இல்லாதவனுக்குப் பதில் இல்லை. ஆனால், கெடு நெருங்கும் நாளில் வரும் கேள்வி அதுவல்ல. கொடுத்தவரின் உரிமை உயிரோடு இருக்கட்டுமா, நம்முடைய மௌனத்தினால் அது சாகட்டுமா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இரண்டு லட்சம் ரூபாய் வேண்டியதில்லை. ஒரு பேனா போதும். பணம் இல்லாதவனாலும் கையொப்பம் இட முடியும்.

இதற்குச் சட்டமே இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, கெடு முடிவதற்குள், ‘இந்தக் கடன் நிலுவையில் இருக்கிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது. 18-வது பிரிவின்படி அந்தக் கையொப்பத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கிறது. மற்றொன்று, அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்து, நோட்டின் பின்புறத்தில் தம் கையாலேயே வரவு எழுதிக் கையொப்பமிடுவது. 19-வது பிரிவின்படி அதற்கும் அதே பலன். வாய்ப் பேச்சு போதாது. வரவு வைக்காமல் கையில் கொடுத்த வட்டியும் கெடுவை நீட்டாது. இரண்டு வழியிலும் காரியம் கெடு முடிவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இதில் கஷ்டமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கையொப்பமிடுகிறவர் இன்னும் மூன்று வருஷத்துக்குத் தம்மைக் கோர்ட்டுக்கு இழுக்கும் உரிமையைப் பிறர் கையில் கொடுக்கிறார். பெண்ணின் படிப்பையும் வீட்டுச் செலவையும் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால், எதிர்வீட்டு அம்மாளின் நிலைமையையும் நினைக்க வேண்டும். அந்த இரண்டு லட்சம் அவருடைய முதுமைக்கு ஊன்றுகோல். இருபது நாள் மௌனத்தினால் நாம் மிச்சப்படுத்துவது நம்முடைய பணத்தை அல்ல, அவருடைய பணத்தை.

தேசபந்துவின் கணக்கு

சட்டம் கைவிட்ட கடனைத் தாமாக முன்வந்து தீர்த்தவர்களில் நம் தேசத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருகிறவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். அவருடைய தந்தையார் புவன மோகன தாஸ் கல்கத்தாவில் அட்டர்னி, தாராளமான கை. கடன் ஏறிப் போய், 1906-ல் தந்தையும் மகனும் இன்ஸால்வென்ட் ஆக வேண்டியதாயிற்று. பாரிஸ்டர் தொழிலில் முன்னுக்கு வர முயலும் ஒருவருக்கு அது எத்தகைய அவமானம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1908-ல் தொடங்கிய அலிப்பூர் வழக்கில் அரவிந்தருக்காக வாதாடிய பிறகு அவருடைய புகழ் தேசமெங்கும் பரவியது. வருமானமும் பெருகியது. அந்தப் பழைய கடன்களைக் கொடுக்கும்படி யாரும் அவரைக் கோர்ட்டில் நிர்ப்பந்தித்திருக்க முடியாது. ஆயினும் 1913-ல் அவர் கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பணத்தைத் தீர்த்தார். சட்டம் துடைத்துவிட்ட கணக்கை மனச்சாட்சி துடைக்கவில்லை. பின்னால் ஒத்துழையாமை இயக்கத்தில் அதே மனிதர் பெரு வருமானம் தந்த தொழிலையே உதறினார். தம் வீட்டையும் தேசத்துக்குக் கொடுத்தார். பிறர் பணத்தைத் திருப்பிக் கொடுத்த கைதான் தன் பணத்தையும் அள்ளிக் கொடுத்தது.

வங்காளத்திலேயே அதற்கு முன்பும் ஓர் உதாரணம் உண்டு. மகாகவி ரவீந்திரரின் பாட்டனார் துவாரகநாத தாகூர் 1846-ல் லண்டனில் காலமானார். சில வருஷத்துக்குள் அவருடைய வியாபாரக் கம்பெனி முறிந்தது. குடும்பச் சொத்தில் ஒரு பகுதியை, கடன் கொடுத்தவர்கள் தொட முடியாதபடி, அவர் முன்பே டிரஸ்டில் வைத்திருந்தார். மகன் தேவேந்திரநாதரோ அந்தப் பாதுகாப்பை நாடவில்லை. அந்தச் சொத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்வந்தார். கடன் கொடுத்தவர்கள் மனம் இளகித் தவணை கொடுத்தார்கள். வீட்டுச் செலவைச் சுருக்கிப் பல வருஷ காலம் உழைத்து அவர் கடனைத் தீர்த்தார். நேர்மையாக முன்னால் வந்து நிற்பவனுக்குத் தவணை கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எல்லாக் கடனும் ஒன்றல்ல

இவ்வளவும் சொன்னதனால், நீட்டிய காகிதத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பழைய தர்ம சாஸ்திரங்களே கடனை வகை பிரித்துப் பார்த்தன. தந்தையின் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்று விதித்த சாஸ்திரகாரர்கள், குடிக்காகவும் சூதுக்காகவும் தந்தை பட்ட கடனுக்கு மகனைப் பொறுப்பாக்கவில்லை. வட்டி அசலுக்கு மேல் ஏறக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தார்கள். மகன் என்ற ஒரே காரணத்தினால் தந்தையின் கடனுக்குப் பொறுப்பாக்கும் பழைய விதியை 2005-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிறகு ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரையில், நீக்கிவிட்டது. தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் இப்போது வாரிசுகளின் பொறுப்பு.

சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரி சபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1-ந் தேதி வரையில் பாக்கி நின்ற வட்டியை அது தள்ளியது. அசலைப் போல் இரு மடங்கு கொடுத்துத் தீர்த்திருந்தால், கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கருதியது. வட்டியிலேயே முழுகிப் போனவனைக் கைதூக்கி விடுவது அதர்மமல்ல என்பதற்கு அந்தச் சட்டம் சாட்சி.

ஆகவே, உங்கள் முன் இருக்கும் கடன் எந்த வகை என்று முதலில் பாருங்கள். அசலைப் போல் பல மடங்கு வட்டியாகக் கறந்துவிட்டவன் நோட்டை நீட்டினால், வக்கீலைக் கலந்துகொள்ளாமல் கையொப்பமிட வேண்டாம். தீர்த்த கடனின் நோட்டைத் திரும்பப் பெறாமல் விட்டிருந்தாலும், தொகையில் தகராறு இருந்தாலும் அப்படியே. ஆனால், ஆபத்தில் உதவிய உறவினர், சிநேகிதர், அண்டை வீட்டார் ஆகியோரின் கடனை இந்த வகையில் சேர்த்துச் சாக்குச் சொல்லக் கூடாது. நியாயமான கடன் எது என்று அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது

கெடுவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்கை எழுதுங்கள்: வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு. பிறகு கொடுத்தவரிடம் நேரில் போங்கள். இருக்கும் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாயானாலும் கொடுத்து, உங்கள் கையாலேயே நோட்டில் வரவு எழுதிக் கையொப்பமிடுங்கள். மாதந்தோறும் உங்களால் முடிகிற தவணையைச் சொல்லுங்கள். முடியாததைச் சொல்ல வேண்டாம். கெடு ஏற்கனவே தாண்டிவிட்டதா? அப்போதும் எழுத்து மூலமாக வாக்குக் கொடுக்க வழி உண்டு என்பதை மேலே பார்த்தோம். கொடுத்தவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் இருக்கிறார்கள்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டால் மனஸ்தாபம் வருமோ என்று கூசி மூன்று வருஷத்தையும் கழித்துவிடாதீர்கள். நோட்டின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வட்டி வாங்கும்போதெல்லாம் வரவு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அது அவநம்பிக்கையல்ல, இரு குடும்பங்களின் சிநேகிதத்துக்குக் காப்பு. நல்ல மனிதனையும் சோதனைக்கு உள்ளாக்காமல் இருப்பது ஓர் உபகாரமே.

நம் உதாரணக் குடும்பத்தின் இருபது நாளும் ஓடிப் போகும். அந்தப் பெண் காலேஜுக்கும் போவாள்; சம்பளத்தைத் தவணையில் கட்டவோ, வங்கியில் கல்விக் கடன் கேட்கவோ வழி கிடைக்கலாம். ஆனால், எதிர்வீட்டு வாசலில் அந்த அம்மாள் கோலம் போடும்போது, “சௌக்கியமா மாமி?” என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் உரிமை அவளுக்கு இருக்குமா, இல்லையா என்பதை அவளுடைய தகப்பனாரின் பேனாதான் தீர்மானிக்க வேண்டும்.