பேனின் வயிற்றில் ஒரு குடித்தனக்காரர்

அடைக்கோழி, வெள்ளாடு, தலை சொறியும் பிள்ளை: கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரே வாசலில் மூன்றும் இருக்கும். பேன் இனம் கடந்து வந்த வழி மொத்தமும் அந்த வாசலிலேயே தெரியும், வயிற்றைத் திறந்து பார்த்தால்.

கோழிப்பேன் கடித்துத் தின்னும் வகை. இறகுத் துணுக்கும் தோல் செதிலும்தான் முக்கியத் தீனி. அதைச் சேர்த்துவைக்க அதற்கும் ஒரு தீனிப்பை உண்டு. வெள்ளாட்டின் மேல் கடிப்பதும் வாழும், உறிஞ்சுவதும் வாழும். நம் தலைப்பேன் உறிஞ்சும் வகை. அதற்குத் தீனிப்பையே கிடையாது. குடித்த இரத்தம் நேரே அகன்ற நடுக்குடலுக்குப் போகிறது.

இவற்றுக்கு நெருங்கிய சொந்தம், பழைய புத்தகங்களில் ஓடும் வெளிறிய புத்தகப்பூச்சி. பூஞ்சையும் தூசும் மேய்ந்த அப்படியொரு பூச்சிதான் கூட்டுக்குள் புகுந்து, உடம்பின் மேல் ஏறி, கடைசியில் இரத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் எக்ஃபெல்ட் பகுதியில் கிடைத்த சுமார் 4.4 கோடி ஆண்டுப் பழைய பேன் ஒன்றின் தீனிப்பையில் இறகுத் துணுக்குகள் அப்படியே இருந்தன. கடைசியாகச் சாப்பிட்டது என்னவென்று இவ்வளவு காலம் கழித்தும் சொல்லும் வயிறு!

இரத்தத்தில் புரதத்துக்குக் குறைவில்லை. பி வகை வைட்டமின்களுக்குத்தான் பஞ்சம். அந்தக் குறையைத் தீர்க்கத் தலைப்பேன் ஆள் வைத்திருக்கிறது. நடுக்குடலின் அடிப்புறத்தில் வட்டமாக ஒரு சிறு உறுப்பு. அதற்குள் ரீசியா என்ற பாக்டீரியா. பேனுக்கு வேண்டிய பாந்தோதெனிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் பி5-ஐ, ஆக்கிக்கொடுப்பது அதுதான். பெண் பேன் கடைசியாகத் தோலுரிக்கும் சமயத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் வயிற்றைவிட்டுக் கிளம்பிச் சூலகத்துக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஈரும் பிறக்கும்போதே குடித்தனக்காரரோடுதான் பிறக்கிறது. வளரும் பருவத்தில் அந்த உறுப்பை நீக்கினால் பேன் பிழைக்காது.

இந்தப் பலவீனத்தைக் குறிவைத்த ஆய்வு ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை தெரியாத இடமல்ல. அந்த ஜிப்மர் மருத்துவர்கள் 1978-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் எழுதினார்கள்: தலைப்பேன் உள்ளவர்களுக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. தலையில் எதையும் தேய்க்கவில்லை. மருந்து கலந்த இரத்தத்தைக் குடித்த பேன்கள் செத்தன. குடலுக்குள் இருக்கும் பாக்டீரியா அழிந்து, வைட்டமின் கிடைக்காமல் பேன் சாகிறது என்பது அவர்கள் ஊகம். எனக்கு இது மிக அழகான யோசனையாகப் படுகிறது. எதிரியை விட்டுவிட்டு அவன் சமையல்காரரைப் பிடிப்பது!

ஈருக்கு இந்த மருந்து எட்டாது, அது இன்னும் இரத்தம் குடிக்கவில்லையே. அது பொரிந்தபின் மறுபடி மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். இந்த மாத்திரையில் சல்ஃபா மருந்து உண்டு; சல்ஃபா ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் நோயாக மாறும். ஆகவே பேனுக்காக இதை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். பெர்மெத்ரின் லோஷன் இருக்கிறது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாம் முறை தேய்க்க வேண்டும். பொறுமை உள்ள வீட்டில் ஈரத்தலையும் பேன்சீப்பும் போதும்.