சீனித்துளசி: அமெரிக்கா தடுப்பது எதை? ஏன்?

"சீனித்துளசி இருக்கா அண்ணாச்சி?" என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் கேட்டு வருவது இன்று சகஜமாகிவிட்டது. இலைத்தூள், வெள்ளைப் பொடி, மாத்திரை எல்லாம் ஒரே சரக்குதானே என்று எண்ணி அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்கும் அன்பர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பராகுவே நாட்டுச் செடி இது. அங்குள்ள குவாரனி மக்கள் காலங்காலமாகப் பானங்களில் இதன் இலையைப் போட்டுக் குடித்து வந்தனர். ஜப்பானில் 1970களிலிருந்தே உணவுத் தயாரிப்பில் இதன் சாறு சேருகிறது. ஆனாலும் 1991-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை இறக்குமதியிலேயே நிறுத்தியது.

1958-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, புதிய சேர்மானப் பொருள் தீங்கற்றது என்பதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். தீங்கானது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. எலிகளின் கருத்தரிப்பைக் குறைக்கிறது என்று 1968-ல் ஓர் ஆய்வு வந்திருந்தது. சிறுநீரகம், இருதயம், ரத்தச் சர்க்கரை பற்றியும் ஐயம் இருந்தது. செயற்கை இனிப்புக் கம்பெனிகளின் கைவேலை என்று அப்போது பேச்சு அடிபட்டது. அதற்கு நிரூபணம் இல்லை.

1994-ல் வந்த புதிய சட்டத்தால் 1995-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அதே பொடியை 'உணவுத் துணைப்பொருள்' என்று லேபிள் ஒட்டினால் விற்கலாம். 'இனிப்பு' என்று எழுதினால் குற்றம்! வியாபாரிகள் சிரித்துக்கொண்டே லேபிளை மாற்றினார்கள்.

2008-ல் சுத்திகரித்த சாற்றை இனிப்பாகச் சேர்க்க அந்த நிர்வாகம் ஆட்சேபம் இல்லை என்றது. அதுவும் 95 சதவிகிதத் தூய்மை இருந்தால்தான். முழு இலையும் கச்சாச் சாறும் இனிப்பாகப் பயன்படுத்த இன்றும் அனுமதி பெறவில்லை. நம் நாட்டில் சுத்திகரித்த சாற்றுக்கு 2015-ல் அனுமதி கிடைத்தது. ஆகவே ஏற்றுமதி செய்பவர்கள் தூய்மைச் சான்றையும் லேபிளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பார்த்த பிறகே சரக்கைக் கட்ட வேண்டும்.

கல்லாவில் நிற்பவர்களுக்கும் ஒரு சங்கதி. சுத்தச் சாறு சர்க்கரையைப்போல் 200 மடங்குக்கு மேல் இனிக்கும். அதனால் அளவு கூட்ட வேறு மாவு கலக்கிறார்கள். பாக்கெட்டில் டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அது குளுக்கோஸ்தான். சர்க்கரை வியாதிக்காரர் கேட்டால் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.