குதிரை இனத்தைத் தாக்கும் டூரீன் நோய்

கொச்சி நகரின் வட பகுதியில் அமைந்துள்ள இடப்பள்ளியில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று சேலத்திலிருந்து பவானி, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வருவது. பவானிக்கு அருகிலுள்ள அந்தியூரில் ஆடி மாதந்தோறும் நடைபெறும் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் கால்நடைச் சந்தை, குதிரை வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்கு விலைக்கு வாங்கப்படும் குதிரை ஒன்று லாரியில் ஏற்றப்பட்டால் ஒரே நாளில் இடப்பள்ளியை அடைந்துவிடலாம். முற்காலத்தில் அரேபியக் குதிரைகள் கப்பல்களில் மலபார்க் கரைக்கு வந்தன; இன்று சாலை வழியே வருகின்றன. குதிரை பயணம் செய்யும் வழியெல்லாம் அதன் நோயும் பயணம் செய்யும் என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 3.4 லட்சம் குதிரைகளும் மட்டக் குதிரைகளும், 1.2 லட்சம் கழுதைகளும், 84 ஆயிரம் கோவேறு கழுதைகளும் இருந்தன. இவற்றுள் பந்தயக் குதிரைகள் ஒரு சிறு பகுதியே. வண்டி இழுத்தும், செங்கல் சூளைகளிலும் மலைப் பாதைகளிலும் சுமை சுமந்தும் ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றுபவை ஏராளம். எனவே, இவ்விலங்குகளின் நலம் செல்வந்தர்களின் பொழுதுபோக்கைச் சார்ந்த செய்தி மட்டுமன்று.

நோயின் தன்மை

குதிரை இனத்தில் இணைசேர்க்கையின் மூலம் பரவும் தொற்றுநோய்களுள் மிகக் கொடியது டூரீன். 'டிரிப்பனோசோமா ஈக்விபெர்டம்' என்னும் ஒரு செல் ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். 1896ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய ரூஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இதன் நெருங்கிய உறவான 'சர்ரா' நோயின் ஒட்டுண்ணியை, 1880ஆம் ஆண்டில், அன்று இந்தியாவைச் சேர்ந்திருந்த டேரா இஸ்மாயில் கானில் கிரிபித் எவன்ஸ் கண்டறிந்திருந்தார். சர்ரா நோயைக் கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன. டூரீனுக்கோ ஈயின் துணை வேண்டுவதில்லை. நோயுற்ற பொலிகுதிரையிடமிருந்து பெட்டைக்கும், பெட்டையிடமிருந்து பொலிகுதிரைக்கும் அது நேரே செல்கிறது.

தொற்றிய சில வாரங்களிலும் அறிகுறி தோன்றலாம். ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். முதலில் பிறப்புறுப்பில் வீக்கமும் கசிவும் காணப்படும். அடுத்துத் தோலில் வட்டமான தடிப்புகள் எழும், சில நாட்களில் மறையும், மீண்டும் எழும். இறுதியில் நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பின்னங்கால்கள் தள்ளாடும். தீனி உட்கொண்டாலும் உடல் மெலியும். நாட்பட்ட நோயுற்றவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மடிகின்றன. கழுதைகளில் நோய் பெரும்பாலும் வெளித் தெரிவதில்லை. எனவே, நலமாகத் தோன்றும் ஒரு கழுதையே பல பெட்டைகளுக்கு நோயை வழங்கிவிடக்கூடும்.

நோயைக் கண்டறிவது எளிதன்று. ஒட்டுண்ணி திசுக்களில் தங்குவதால் இரத்தத்தில் அரிதாகவே அகப்படும். இரத்த நீர்ச் சோதனைகளைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கின்றனர். அச்சோதனைகளிலும் டூரீனைச் சர்ராவிலிருந்து பிரித்தறிவது கடினம். இதற்குத் தடுப்பூசி இல்லை. மருந்தினால் அறிகுறி மறைந்தாலும் ஒட்டுண்ணி உடலில் எஞ்சியிருக்கலாம் என்பதால், சிகிச்சையைப் பன்னாட்டுக் கால்நடை நலத் துறையினர் பரிந்துரைப்பதில்லை.

சட்டத்தின் துணை

மருந்து கைகொடுக்காத இடத்தில் சட்டம் துணை நின்றது. 1910ஆம் ஆண்டில் இந்தியாவில் டூரீனுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இராணுவமும் போக்குவரத்தும் குதிரைகளை நம்பியிருந்த காலம் அது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பொலிகுதிரைகளைப் பதிவு செய்யவும், நோயுற்ற ஆண் குதிரைக்கு விதை நீக்கம் செய்யவும், நோயுற்ற பெட்டையை அழிக்கவும் அச்சட்டம் வகை செய்தது. உரிமையாளருக்கு இழப்பீடு அளிக்கவும் இடந்தந்தது. இந்த இழப்பீடு கருணையினால் மட்டும் எழுந்ததன்று. பிழைப்புக்குரிய விலங்கை இழக்கப்போகும் ஒருவர், ஈடு ஏதுமில்லையெனில் நோயை மறைக்கவே முற்படுவார். மறைக்கப்படும் ஒவ்வொரு நோயும் அண்டை வீட்டாரின் விலங்கைச் சென்றடையும்.

இச்சட்டத்தை நீக்கி அதன் இடத்தை ஏற்றது 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் அட்டவணையில் டூரீனும், இணைசேர்க்கையால் பரவும் மற்றொரு நோயான தொற்றுக் கருப்பை அழற்சியும் இடம்பெற்றுள்ளன. பின்னது 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பொலிகுதிரைப் பண்ணைகளில் வெளிப்பட்டது. பாக்டீரியாவினால் உண்டாவதால் சிகிச்சைக்கு இணங்குவது. அட்டவணையிலுள்ள நோய் தம் விலங்குக்கு இருப்பதாக ஐயுறும் உரிமையாளர், கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். குதிரை இன நோய்களை ஆராய்வதற்கு 1985ஆம் ஆண்டில் ஹிசாரில் தேசிய ஆய்வு மையமும் நிறுவப்பட்டது.

செய்ய வேண்டுவன

அமெரிக்கா 1942ஆம் ஆண்டில் டூரீனை ஒழித்தது. ஆயினும், நோய் நீங்கியதாகக் கருதப்பட்ட இத்தாலியில் 2011ஆம் ஆண்டில் அது மீண்டும் தோன்றியது. நோய் கண்ணில் படாதிருப்பதை நோயே இல்லை எனக் கொள்ளலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

பொலிகுதிரையைப் பயன்படுத்துமுன் அதன் இரத்தத்தைச் சோதிப்பது, வரலாறு அறியாத விலங்கைச் சந்தையிலிருந்து கொணர்ந்தவுடன் இணைசேர்க்காமல் தனியே வைத்துக் கண்காணிப்பது, வீக்கமோ தடிப்போ தள்ளாட்டமோ கண்டால் கால்நடை மருத்துவரை உடனே நாடுவது ஆகிய மூன்றும் எளிய உரிமையாளராலும் இயல்பவை. அவர் அச்சமின்றி முன்வந்து உண்மையைக் கூறும் சூழலை உருவாக்குவது அரசின் கடமை. இவ்விரண்டும் இணைந்தால்தான், ஒருவருடைய விலங்கின் நோய் ஓர் ஊரின் பிழைப்பைக் குலைக்காமல் தடுக்க இயலும்.